நான்காம் ஆண்டு பேட்டரியை யார் வாங்குவது?

ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியாவைச் சுற்றியுள்ள ஏழைப் பிள்ளைகள் பலருக்குப் பகல் முழுக்க வேலை. ஆடு மேய்க்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும். காலையில் மணியடிக்கும் பள்ளிக்கூடம் அவர்களுக்கு எட்டாக்கனி. பங்கர் ராய் 1972இல் தொடங்கிய அமைப்பு (இன்று ‘பேர்ஃபுட் காலேஜ்’) 1975இல் இரவுப் பள்ளிகளைத் திறந்தது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் சோலார் லாந்தர்கள் வந்தன.

சோலார் பேனல் 25 ஆண்டுகள் உழைக்கும். அவ்வப்போது தூசு துடைத்தால் போதும். லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான். அதற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும். பேனல் பொருத்தும் நாளில் மாலை மரியாதையோடு படம் எடுக்க ஆள் உண்டு. நான்காம் ஆண்டு புது பேட்டரி வாங்கப் பணம் கேட்டால் எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

பிகாரின் ஜெகனாபாத் மாவட்டத்தில் உள்ள தர்னையில் நடந்தது இதுதான். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இருட்டில் கிடந்த அந்த ஊரில் 2014இல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சூரிய மின்கட்டமைப்பை நிறுவியது. இரண்டு பள்ளிகளுக்கும் மின்சாரம் கிடைத்தது. ஆனால் அதிக மின்சாரம் இழுக்கும் சாதனங்களுக்குத் தடை, கட்டணமும் கூடுதல். ‘அசல் மின்சாரம்’ வேண்டும் என்று ஊரார் அப்போதே குரல் எழுப்பினார்கள். விரைவிலேயே அரசு மின்கம்பிகள் மலிவான மின்சாரத்தைக் கொண்டுவந்தன. பேட்டரிகள் ஓய்ந்தபோது மாற்றுவாரில்லை. சில ஆண்டுகளில் அந்த மின்நிலையம் மாட்டுக்கொட்டகை ஆகிவிட்டது.

திலோனியாக்காரர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுகிறார்கள். பேனல் வருமுன் ஊரில் ஒரு குழு அமைய வேண்டும். மண்ணெண்ணெய்க்கும் டார்ச் செல்லுக்கும் மெழுகுவத்திக்கும் ஆகும் செலவளவுக்கு மாதாமாதம் பணம் கட்ட வீடுகள் ஒப்புக்கொள்ள வேண்டும். பழுது பார்க்கும் கூலியும் உதிரி பாகமும் அதிலிருந்துதான். சோலார் சாதனங்களைப் பொருத்திப் பழுது பார்க்கும் பயிற்சிக்குத் தேர்வாகிறவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள். இளைஞனுக்குச் சான்றிதழ் கொடுத்தால் நகரத்துக்கு பஸ் ஏறிவிடுவான், பாட்டி ஊரை விட்டு எங்கே போவாள் என்பது ராயின் வாதம். சற்றுக் குறும்பான வாதம்தான், ஆனால் பலித்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெண்கள்கூட மொழி புரியாமலே, நிற அடையாளங்களையும் சைகையையும் கொண்டு ஆறு மாதத்தில் சர்க்யூட் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

பகலில் நடக்கும் பள்ளிக்கு இவ்வளவு பெரிய பேட்டரிச் சுமை இல்லை. மின்விசிறியும் கம்ப்யூட்டரும் வெயில் இருக்கும்போதே ஓடுவதால் சிறிய பேட்டரி போதும். சிக்கல் கோடை விடுமுறையில் வரும். வெயில் உச்சத்தில் இருக்கும். பள்ளி பூட்டிக் கிடக்கும். பேட்டரியில் நீர் வற்றுவதைக் கவனிக்க ஆளிருக்காது. அந்த மாதங்களில் சிறு கட்டணத்துக்கு ஊரார் செல்போன் சார்ஜ் செய்துகொள்ள அனுமதித்தால், சாவியோடு ஒரு பொறுப்பாளரும் பேட்டரி நிதிக்குக் கொஞ்சம் காசும் கிடைக்கும். பள்ளிகளுக்கு சோலார் அமைக்கும் ஒப்பந்தப்புள்ளிகளில் கிலோவாட் கணக்கோடு இதையும் ஒரு நிபந்தனையாக எழுதலாம்.