எண்பது லிட்டர் கடல்

நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் எண்பது லிட்டர் உப்புநீர் மீன்தொட்டியை அண்மையில் கண்டோம். தொட்டி இன்னும் வெறுமையாகவே இருந்தது; பட்டியல் மட்டும் தயார். இரண்டு கோமாளி மீன்கள், ஓர் அனிமோன், நீல டாங் ஒன்று, மாண்டரின் மீன் ஒன்று, சில இறால்கள், நத்தைகள். எல்லாம் நிறம் பார்த்துத் தேர்ந்தவை. நமது சங்கடம் அங்கேதான் தொடங்கியது.

2003-இல் வெளியான 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் டோரி ஒரு நீல டாங். ஏறத்தாழ ஓரடி நீளம் வளரும், நாளெல்லாம் நீந்தித் திரியும் மீன் அது. இந்தத் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரினின் நிலை இன்னும் துயரமானது. பாறைகளில் ஊரும் கோப்பிபாட் என்னும் நுண்ணுயிரிகளைப் பகல் முழுதும் பொறுக்கித் தின்பது அதன் இயல்பு. சிறு தொட்டியில் அவை விரைவில் தீர்ந்துவிடும். நாம் தூவும் தீனியையோ அது பெரும்பாலும் தீண்டாது. நம் கண்ணெதிரே பட்டினியில் மெலிந்து சாகும். அனிமோனுக்கு வலுவான ஒளியும் பல மாதங்கள் முதிர்ந்த நீரும் வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் ஊர்ந்து சென்று மோட்டாரில் சிக்கி, தானும் மடிந்து நீரையும் கெடுக்கும். அனிமோன் இல்லாமலே கோமாளி மீன் தொட்டியில் நன்றாக வாழும் என்பதைப் பலர் அறிவதில்லை.

பொருத்தம் என்பது சண்டையின்மை மட்டுமன்று. வெண்புள்ளி நோய் கண்ட மீனுக்கு இடும் செம்பு கலந்த மருந்து, அதே நீரிலுள்ள இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். நோயாளிக்குத் தனித்தொட்டி தேவை. மலிவென்று முதலில் விடப்படும் டாம்சல் மீன், பின்னர் வருவோரையெல்லாம் விரட்டும்.

அப்படியானால் யாரைத்தான் அழைப்பது? பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு இளம் கோமாளி மீன்கள் போதும். அவை ஆணாகவே வளரத் தொடங்கி, இரண்டில் வலியது பெண்ணாக மாறும். சோடி தேடி அலைய வேண்டியதில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இம்மீன்களைப் பொரிப்பகத்தில் பெருக்கிக் காட்டியிருக்கிறது. பவளப்பாறையிலிருந்து பிடித்துவரத் தேவையில்லை. உடன், உளுவை இனத்துக் கோபி மீன் ஒன்றும் பிஸ்டல் இறால் ஒன்றும். பார்வை மங்கிய இறால் வளை தோண்டும். கோபி வாசலில் காவல் நிற்கும். பாசி மேயச் சில நத்தைகள், ஓரிரு துறவி நண்டுகள். நண்டுகளுக்குக் காலிச் சங்குகள் போட்டுவைப்பது நலம். இல்லையேல் ஓட்டுக்காக நத்தையைக் கொல்லக்கூடும்.

கடையில் நிற்கையில் நிறத்தைக் கேட்குமுன் மூன்றைக் கேட்போம்: இது எவ்வளவு வளரும்? இங்கே எதைத் தின்னும்? யாரைத் தின்னும்? விடை தெரியாத உயிரை வாங்காமல் திரும்புவதே முறை என்பது நமது கருத்து.

நண்பர் டாங்கையும் அனிமோனையும் உடனே அடித்துவிட்டார். மாண்டரினிடம் மட்டும் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு அதையும் அடித்தார்.