கன்னங்கரா திறந்த கதவு

இலங்கையில் பௌத்த பிரிவெனாக்களும் திண்ணைப் பள்ளிகளும் எழுத்தறிவித்த காலத்துக்குப் பின் மிஷனரிகளின் காலம் வந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி யாழ்ப்பாணத்துக்கு உயர்கல்வியைக் கொண்டுவந்தது. ஆயினும் ஆங்கிலப் பாடசாலைகளின் கட்டணம் ஏழைப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தியது.

அந்த வாசலைத் திறந்தவர் அன்றைய கல்வியமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையிலான குழு 1943இல் அறிக்கை தந்தது; 1945இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. கிராமங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. சுதந்திரத்துக்கு முன்பே, வறிய நாடொன்று எடுத்த மகத்தான முடிவு இது.

1970களின் தரப்படுத்தல் அந்த முடிவின் உயிரையே காயப்படுத்தியது. அதன்படி, பல்கலைக்கழகம் புகத் தமிழ்மொழி மாணவர்கள் சிங்களமொழி மாணவர்களைவிடக் கூடுதல் புள்ளி பெற வேண்டியிருந்தது. பின்வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய தமிழ் மாவட்டங்களும் பயன்பெற்றன என்பது உண்மை. ஆனால் மொழியை அளவுகோலாக்கியதை எந்த வாதமும் நியாயப்படுத்தாது. அந்தக் கசப்பு ஒரு தலைமுறையையே நாட்டிடமிருந்து பிரித்தது.

மலையகத் தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் ஏற்கத் தொடங்கியதும் 1970களில்தான். இலவசக் கல்வி அங்கே அவ்வளவு தாமதமாகப் போனது. அந்தத் தாமதத்தை ஈடுசெய்ய, அங்கு கணித, விஞ்ஞான ஆசிரியர்களை நியமிப்பதையே கல்வியமைச்சு தன் முதல் கடமையாகக் கொள்ள வேண்டும்.