ஸ்காட்ச் விலையில் ஒரு 'ர்'

தமிழில் குடிப்பவர்களுக்கு இரண்டு இலக்கணம் இருக்கிறது. டாஸ்மாக்கில் குவார்ட்டர் வாங்கினால் 'அடிக்கிறான்'. சிங்கிள் மால்ட் பாட்டிலைத் திறந்தால் 'அருந்துகிறார்'. முன்னவன் குடிகாரன், பின்னவர் ரசிகர். இரண்டு கிளாஸிலும் இருப்பது எத்தனால்தான். விகுதியில் மட்டும் 'ன்' போய் 'ர்' வந்திருக்கிறது. மறைமலை அடிகள் பேரில் இருக்கும் ஊர்ப்பக்கம் வேலை பார்ப்பதாலோ என்னவோ, எனக்கு இந்த விகுதி கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது. விலையுயர்ந்த ஸ்காட்ச் அந்த விலைக்குத் தகுமா என்று கேட்டால், ருசிக்காகத் தகாது என்பேன். நாம் காசு கொடுப்பது அந்த 'ர்'க்கு.

நியாயத்தை முதலில் பேசிவிடலாம். சாதாரண ரக இந்திய விஸ்கியில் பெரும்பங்கு மொலாசஸிலிருந்து, அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகிலிருந்து, எடுத்த ஸ்பிரிட். ஐரோப்பிய ஒன்றியம் அதை விஸ்கி என்றே ஏற்பதில்லை. ஸ்காட்ச்சுக்கோ 2009-இல் வந்த பிரிட்டிஷ் விதிமுறை இருக்கிறது: தானியத்திலிருந்து வடிக்க வேண்டும், ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடக்க வேண்டும், ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆக, குவார்ட்டரிலிருந்து ஒரு சுமாரான ஸ்காட்ச்சுக்குப் போனால் வித்தியாசம் நிஜம். நாக்கு உள்ள யாருக்கும் தெரியும். என் சண்டை அதற்கு மேலே உள்ள படிகளோடு.

'பன்னெண்டு வருஷம் வேற, இருபத்தஞ்சு வருஷம் வேற சார்' என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. தேவதைகளின் பங்கு என்று அதற்கு அழகான பேர் வைத்திருக்கிறார்கள். 100 லிட்டர் ஊற்றினால் 12 வருடத்தில் 78 லிட்டர் மிஞ்சும், 25 வருடத்தில் 60. அதாவது ஆவியானதால் கூடும் செலவு 30 சதவீதம்தான். கூடுதலான அந்த 13 வருடமும் முடங்கிய பணத்துக்கு 6 சதவீத வட்டியும் போட்டால்கூட மொத்தம் 3 மடங்கு வராது. கிடங்கு வாடகைக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பல பிராண்டுகளில் 12-க்கும் 25-க்கும் உள்ள விலை வித்தியாசம் 10 மடங்கைத் தாண்டுகிறது. மிச்சம் எதற்கு?

வயதுக்குத்தான் விலை என்றால் ஜானி வாக்கர் புளூ லேபிளில் வயதே போடுவதில்லையே, அது எப்படி? பிளாக் லேபிளில் 12 என்று போட்டிருக்கிறது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள புளூவில் எண்ணே கிடையாது. 'நிறத்தைப் பாருங்க, தங்கம் மாதிரி' என்று விளக்குக்கு நேரே கிளாஸைத் தூக்கிப் பிடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்காட்ச்சில் நிறத்துக்காக கேரமல் சேர்க்க அந்த விதிமுறையே அனுமதிக்கிறது.

அந்த எண்ணின் மரியாதையை உடைக்க நாம் ஸ்காட்லாந்து வரை போக வேண்டாம். பெங்களூர் வெக்கையில் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஆவியாகிவிடும். 25 வருடம் வைத்தால் பீப்பாயில் அநேகமாகக் காற்றுதான் இருக்கும். அந்த ஊர் அம்ருத் 2004-இல் கிளாஸ்கோவிலேயே தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகம் செய்தது. அதன் ஃப்யூஷன் என்ற வயது போடாத விஸ்கியை ஜிம் முர்ரே தன் 2010 விஸ்கி கையேட்டில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றார். தரவரிசைகளை நான் பெரிதாக நம்புகிறவன் இல்லை. ஆனால் அவற்றைக் காட்டித்தான் விலையை நியாயப்படுத்துகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

'எண்ணு கெடக்கட்டும், என் நாக்கு பொய் சொல்லாது.' சொல்லும். 2008-இல் வெளியான கால்டெக், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்றில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் ஒயின்தான் ருசி என்றார்கள் குடித்தவர்கள். இன்பத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதியும் அதற்குக் கூடுதலாகத் துடித்தது. அவர்கள் நடிக்கவில்லை, நிஜமாகவே ரசித்தார்கள். விலையை ரசித்தார்கள். 2017-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டல் விருந்தாளி, 1878 மக்காலன் என்று லேபிள் ஒட்டிய பாட்டிலிலிருந்து ஒரே ஒரு மடக்குக்கு 9,999 பிராங்க் கொடுத்தார். அப்புறம் பரிசோதித்ததில் அது 1970-களின் தொடக்கத்தில் செய்த பிளெண்ட் என்று தெரிந்தது. பணம் திரும்ப வந்தது. நாக்கு காட்டிக் கொடுக்கவில்லை, ஆய்வகம்தான் காட்டிக் கொடுத்தது.

'இங்கே வரிதான் பிரச்சினை' என்று இன்னொரு வாதம். 150 சதவீத சுங்க வரி அநியாயம்தான். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி அது முதலில் 75 சதவீதமாகவும் பத்தாண்டில் 40 ஆகவும் குறைய வேண்டும். குறையட்டும். ஆனால் பிளாக் லேபிள் மலிவானால் நம் ஆட்கள் சந்தோஷமாக அதையே குடிப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? டீம் லீடும் டிரெய்னியும் ஒரே பாட்டில் வாங்க முடிகிற அன்றைக்கு டீம் லீட் அடுத்த படிக்கு ஏறிவிடுவார்.

சரி, அவரவர் காசு, உனக்கென்ன என்று கேட்கலாம். பிரச்சினை காசோடு நின்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் மாதச் சம்பளத்தை ஒரு புளூ லேபிள் பாட்டில் விழுங்கிவிடும். அவருக்குக் கிடைப்பது கம்பி வலைக்குப் பின்னாலிருந்து நீட்டப்படும் குவார்ட்டர், ஈ மொய்க்கும் பார். அதே டாஸ்மாக் நிறுவனம் மால்களில் ஏசி போட்டு எலைட் கடை நடத்துகிறது. அங்கே நாம் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கலாம். சில்லறை விற்பனை 2003-லிருந்து ஒரே அரசு நிறுவனத்திடம், ஆனால் வாசல் இரண்டு. 42.8 சதவீத குவார்ட்டர் 180 மில்லியில் எத்தனால் 77 மில்லி. அதே அளவு 40 சதவீத ஸ்காட்ச்சில் 72. இந்த 5 மில்லியில்தான் ஒருவன் சமூகக் கேடு, இன்னொருவர் ரசனைக்காரர்.

2023 மே மாதம் இதே செங்கல்பட்டு மாவட்டத்திலும் பக்கத்து விழுப்புரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். அரசு நிவாரணம் அறிவித்ததும் படித்தவர்கள் வாயிலிருந்து வந்த கேள்வி: 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?' டியூட்டி ஃப்ரீயில் 2 லிட்டர் வாங்கி வரச் சொல்லி நண்பனுக்கு மெசேஜ் போடும் அதே ஆட்கள்தான் இதையும் கேட்டார்கள். கேட்கும்போது தன்னையும் ஒரு குடிப்பவனாக அவர்களில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். விலை வாங்கிக் கொடுத்திருப்பது இந்த மறதியைத்தான்.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. அதற்கு மேலும் குடிப்பது உங்கள் பாடு. குடிப்பதென்றால் 12 வருடத்தோடு நின்றுகொள்ளுங்கள், அதற்கு மேல் ருசியில் பெரிதாக எதையும் இழக்கப் போவதில்லை. குவார்ட்டர் கடை வரிசையில் நிற்கிறவரைப் பற்றிப் பேசும்போது அந்த 'ர்'ஐ அவருக்கும் போடுங்கள். அதற்குச் சுங்க வரி கிடையாது.