பொத்தான் பொருந்தினால் போதுமா?

பல்லேகலயில் காரின் ஆசனத்தைச் சூடாக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். மார்ச் மாத மதிய வெயிலில் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே நிறுத்திவைத்த காரில் ஏறி அமர்பவருக்கு அந்தச் சூடு இலவசமாகவே கிடைக்கும். நானும் சிரித்தேன். நண்பர் சிரிக்கவில்லை. வாரந்தோறும் நுவரெலியாவுக்குச் சென்றுவருபவர் அவர். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊரில், ஜனவரி விடியற்காலையில், முதுகுவலியோடு வண்டி எடுப்பவருக்கு ஆசனச் சூடு ஆடம்பரம் அல்ல. ஆகவே அவருடைய ஆசையோடு எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. அது நிறைவேற்றப்பட்ட விதத்தோடுதான் பிணக்கு.

வண்டி 2003ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோல்லா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. திறந்த பின்னரும் வரிச்சுமை புதிய காரைப் பலருக்கு எட்டாக்கனியாகவே வைத்திருக்கிறது. எனவே பழைய காரைப் பேணுவதும், அதில் இல்லாததைச் சேர்ப்பதும் நம் நாட்டில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டன. அதில் தவறில்லை. காருக்குள் ஆசனச் சூடும் புதிய சங்கதி அல்ல. அமெரிக்காவின் கடிலக் நிறுவனம் 1966ஆம் ஆண்டு மாதிரியிலேயே அதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது.

நண்பரின் காரில் சுவிச் வரவேண்டிய இடங்களில் வெறும் பிளாஸ்டிக் மூடிகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, அதே அளவும் அதே வண்ண விளக்கும் உள்ள இரண்டு சுவிச்சுகளைப் பொருத்த வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். மூன்று வாரம் அலைந்து, பழைய பாகங்கள் விற்கும் கடையொன்றில் கண்டெடுத்தார். கராஜ்காரர் பொருத்திக் கொடுத்தபோது, அவை ஜப்பானிலிருந்தே காரோடு வந்தவை போல இருந்தன. நானும் பாராட்டினேன்.

அடுத்த மாதம் நுவரெலியாவிலிருந்து திரும்பும் வழியில், இறம்பொடை வளைவுகளில், காருக்குள் இறப்பர் கருகும் நாற்றம். நல்லவேளையாக ஓரமாக நிறுத்தி, பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட்டார். பின்னர் வேறொரு மின்வேலைக்காரர் டாஷ்போர்டைக் கழற்றிக் காட்டினார். வானொலியும் தொலைபேசி மின்னேற்றியும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த கம்பியிலிருந்தே இரு ஆசனங்களுக்கும் மின்சாரம் எடுக்கப்பட்டிருந்தது. 10 அம்பியர் உருகி எரிந்துபோக, அதன் இடத்தில் 20 அம்பியர் செருகப்பட்டிருந்தது. கம்பியின் உறை உருகி வழிந்திருந்தது.

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகம் ஆளி, உருகி என்று எழுதும். கராஜில் சுவிச், பியூஸ். பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 50 உவாற்று, இரண்டுக்கும் 100. 12 வோல்ற்றில் அது எட்டு அம்பியருக்கு மேல். உருகி இருப்பது கம்பியைக் காப்பதற்கு. கம்பி தாங்காத அளவுக்குப் பெரிய உருகியைப் போட்டால், உருகிக்கு முன்னால் கம்பி எரியும். செய்ய வேண்டியது பற்றரியிலிருந்து தனிக் கம்பி, பற்றரிக்கு அருகிலேயே பொருத்தமான உருகி, சாவியைத் திருப்பினால் மட்டும் இயங்கும் ரிலே. வெப்பம் எல்லை மீறாமல் தடுக்கும் கட்டுப்பாடும் வேண்டும். நீரிழிவால் கால்களில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தோல் வெந்துபோவதே தெரியாமல் போகலாம். ஆசனத்தின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள கார்களில் உறையைப் பிரித்துத் தைப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் இரகசிய வித்தை அல்ல. செலவும் நண்பர் சுவிச்சுக்காக அலைந்த அலைச்சலை விடக் குறைவு. ஆனால் கம்பி கண்ணுக்குத் தெரியாது, சுவிச் தெரியும். தெரிவதற்கு மூன்று வாரம், தெரியாததற்குப் பத்து நிமிடம் என்பதுதான் இங்கே நடந்தது. இதில் கராஜ்காரரை மட்டும் குற்றம் சொல்லேன். கம்பியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத நண்பருக்கும், பாராட்டிய எனக்கும் பங்குண்டு.

அரசுக்கும் பங்குண்டு. 2025 ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கிய கையோடு, பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் பொலிஸார் கழற்றச் செய்தனர். தேவையான காரியமே. எனினும் அதுவும் கண்ணுக்குத் தெரிந்தவற்றின் மீதான நடவடிக்கைதான். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் சட்டம் தனியார் காரிடம் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையை மட்டுமே கேட்கிறது. இருபது வயதைக் கடந்த காரின் புகையை முகர்ந்து பார்ப்பவர்கள் அதன் கம்பிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. புகைப் பரிசோதனை நிலையத்திலேயே, இத்தனை ஆண்டு கடந்த கார்களுக்கு மின்னிணைப்பையும் பிரேக்கையும் பார்த்துச் சொல்லும் ஏற்பாட்டை ஏன் செய்யக்கூடாது?

செலவு கூடும், இலஞ்சத்துக்கு இன்னொரு வாசல் திறக்கும் என்பார்கள். நியாயமான அச்சமே. அதுவரை வாசகர்கள் தாங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காரில் எதைப் பொருத்தினாலும், மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, கம்பியின் தடிப்பு என்ன, உருகி எத்தனை அம்பியர் என்ற மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித்தர மறுக்கும் கராஜில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

நண்பரின் கார் முறையாகத் திருத்தப்பட்டுவிட்டது. அதே சுவிச்சுகள்தாம், பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. இம்முறை அவர் எனக்குக் காட்டியது பற்றரியின் அருகில் இருந்த சின்னஞ்சிறு உருகிப் பெட்டியை.