சும்மா விட்ட பட்டை



“போன வருஷம் 30 மூட்டை. இந்த வருஷம் பஞ்சகவ்யம் அடித்தேன், 35 கண்டது” என்கிற மாதிரிக் கடிதங்கள் மாதம் தவறாமல் வருகின்றன. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வருஷத்து மழையும் இந்த வருஷத்து மழையும் ஒன்றா? அந்த 5 மூட்டையில் பஞ்சகவ்யத்தின் பங்கு எவ்வளவு, வானத்தின் பங்கு எவ்வளவு? கடிதத்தில் இல்லை. இருக்கவும் முடியாது, தெளிக்காமல் விட்ட இடமே வயலில் இல்லையே!

கோவையில், இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்தில், 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரப் பரிசோதனையில் எந்த உரமும் இடாத பாத்தி ஒன்று உண்டு. மற்றப் பாத்திகளை அதோடு ஒப்பிட்டுத்தான் பேச முடிகிறது. நம் வயலுக்கும் அது வேண்டும். ஒன்று போதாது. வாமடைப் பக்கம் ஒரு மண், கடைக்கோடியில் ஒரு மண் என்றுதானே இருக்கிறது?

ஒரு ஏக்கர் வயலை வாமடையிலிருந்து வடிகால் வரை நீளவாக்கில், 7 மீட்டர் அகலத்தில், 8 பட்டைகளாகப் பிரியுங்கள். இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, சோடியில் எதற்குத் தெளிப்பு என்று காசு சுண்டிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் குவிந்து கிடந்த பரிசோதனைக் கணக்குகளை அலச 1919-இல் போய்ச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், பின்னாளில் பிடிவாதமாக வலியுறுத்தியது இந்தக் குலுக்கலைத்தான். இடத்தை நாமே தேர்ந்தால், நாம் நம்புகிற மருந்து நல்ல மண்ணாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தெளிப்புக்கு இது போதும். உரத்தைச் சோதிப்பதென்றால் நடுவே வரப்பு கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரோடு யூரியா அடுத்த பட்டைக்கு நடந்துவிடும்.

அறுவடையில்தான் பலர் கைவிடுகிறார்கள். மணிக்கணக்கில் வாடகை ஏறும் இயந்திரத்தை நிறுத்திவைத்து யார் அளப்பது? முந்தின நாளே ஆளை வைத்து, எல்லாப் பட்டைகளிலும் வாமடையிலிருந்து ஒரே தொலைவில், ஓரம் விட்டு, 5-க்கு 5 மீட்டர் அளந்து அறுத்துவிடுங்கள். நெல்லைத் தனித்தனியாகக் காயவைத்து நிறுங்கள். கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். நான்கு சோடியிலும் தெளித்த பட்டையே முந்தினால், அடுத்த பட்டத்திலும் ஒருமுறை பார்த்துவிட்டு நம்பலாம். இரண்டு இப்படி, இரண்டு அப்படி என்றால் டப்பாவுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கலாம்.

வருகிற சம்பாவில் செய்து பார்ப்பவர்கள் ரகம், நடவுத் தேதி, எட்டுப் பட்டைகளின் எடை, இவ்வளவு மட்டும் எழுதி அனுப்புங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றாலும் அனுப்புங்கள். அதைத்தான் முதலில் அச்சேற்றுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்