சக்களத்திச் சண்டைக்கு யார் பொறுப்பு?

ஆப்பிரிக்க முஸ்லிம் குடும்பம் என்றாலே ஒரு வீட்டில் நான்கு மனைவியர், பொழுது விடிந்தால் சண்டை என்று எழுதுவது சில பத்திரிகைகளுக்கு வாடிக்கை. அதைப் படித்து நம்மில் சிலர் கோபப்படுகிறார்கள். சிலர் ரசித்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சண்டை எதற்காக என்று மட்டும் யாரும் கேட்பதில்லை!

வடநைஜீரியாவின் கானோவைப் பார்ப்போம். நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற வணிக நகரம். ஹவுசா முஸ்லிம்கள் நிறைந்த ஊர். நைஜீரிய மக்களில் 28 சதவீதம் பேர் பலதார மணக் குடும்பங்களில் வாழ்வதாக 2020-ல் வெளியான பியூ ஆய்வு சொல்கிறது.

ஹவுசா மொழியில் சக்களத்திக்கு 'கிஷியா' என்று பெயர். 'கிஷி' என்றால் பொறாமை. உறவின் பெயரிலேயே பொறாமை! மூத்தவள் 'உவர்கிடா', அதாவது வீட்டின் தாய். கடைசியாக வந்தவள் 'அமர்யா', மணமகள். எத்தனை ஆண்டு ஆனாலும் அடுத்தவள் வரும்வரை அவள் மணமகள்தான்!

ஒரே சுற்றுச்சுவர். உள்ளே ஒவ்வொரு மனைவிக்கும் தனி அறை. சமையல் முறை வைத்து நடக்கும். யாருடைய முறையோ அவள் வீடு முழுவதற்கும் சமைப்பாள். கணவர் அன்றிரவு அவளுடைய அறையில் தங்குவார். மற்றவளுக்கு அன்று அடுப்படி ஓய்வு. அந்த ஓய்வில்தான் அவளுடைய வியாபாரம்! கடலை எண்ணெய் பிழிவாள், பயறு வடை சுடுவாள். கோஷாவில் இருக்கும் பெண் என்பதால் பிள்ளைகள் தெருவில் விற்று வருவார்கள். அந்தக் காசு அவளுக்கே சொந்தம். வேலைச் சுமை குறையும் என்று இளையவளை வரவேற்ற மூத்தவர்களும் உண்டு. உடன்பிறந்தவர்களாக வாழ்ந்தவர்களும் உண்டு.

அப்படியானால் சண்டை எங்கே தொடங்குகிறது?

அளந்து போடும் தானியத்தில் தொடங்குகிறது. யார் பிள்ளை பள்ளிக்கூடம் போவது, யார் பிள்ளை தெருவில் விற்பது என்பதில் தொடங்குகிறது. ஒரு தந்தைக்கு வேறு வேறு தாய் வயிற்றில் பிறந்தவர்களை அங்கே 'யன் உபா' என்பார்கள். தாய்மாரின் போட்டி பிள்ளைகளிடமும் தொடர்கிறது. கணவர் இறந்தால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவியருக்கு எட்டில் ஒரு பங்கு. நால்வர் இருந்தால் ஆளுக்கு 32-ல் ஒன்று. பிள்ளைகளின் பங்கே பெரியது. நாளைக்கு என் பிள்ளைகள்தான் எனக்குத் துணை என்று ஒவ்வொருத்தியும் கணக்குப் போடுகிறாள். வாழும் காலத்தில் நீதியைக் காணாதவள் வேறென்ன செய்வாள்?

நீதி செலுத்த முடியாது என்று அஞ்சினால் ஒருத்தியே போதும் என்கிறது திருமறை (4:3). அனுமதியை மனப்பாடம் செய்தவர்கள் அதே வசனத்தின் நிபந்தனையை மறந்துவிட்டார்கள்! 2017-ல், அன்று கானோ அமீராக இருந்த முஹம்மது சனூசி இதைத்தான் சுட்டிக்காட்டினார். பராமரிக்க வசதியில்லாதவர் பல மனைவியரை மணப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றார். சொன்னவர் மேலை நாட்டுக்காரர் அல்ல. அந்த ஊரின் அமீர். மத்திய வங்கியின் ஆளுநராக இருந்து வரவு செலவு அறிந்தவர்.

பொறாமை பெண்ணின் பிறவிக்குணம் என்று சொல்லித் தப்பிக்கும் சகோதரர்களே! நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலும் ஒருமுறை ஒரு மனைவி அனுப்பிய உணவுத் தட்டை இன்னொரு மனைவி உடைத்துவிட்டார். பெருமானார் அவரை ஏசவில்லை. சிதறிய உணவைத் தம் கையால் சேகரித்தார்கள். உடைந்த தட்டை வைத்துக்கொண்டு, உடையாத தட்டைக் கொடுத்தனுப்பினார்கள்.

பொறாமை அங்கும் எழுந்தது. ஆனால் யாருக்கும் நட்டம் ஏற்படவில்லை. நீதி செலுத்துபவர் இருந்தார்.

கடையில் எடைக்கல்லைச் சரிபார்ப்பவர் வீட்டிலும் அதைச் சரிபார்க்கட்டும். அதன்பிறகு பெண்களைக் குறை சொல்லலாம்.