‘இன்னும் ஒருக்கா பாப்பம்’

கலியாணம் கட்டி இரண்டு வருடம் கழிந்த பெண்ணிடம் எங்கட சனம் கேட்கிற கேள்விகளுக்குக் குறைவில்லை. “விசேஷம் ஒண்டும் இல்லையோ?” “டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?” “இந்த முறை கந்தசஷ்டி பிடிச்சுப் பாருமன்.” “கொழும்பில ஒரு நல்ல டொக்டர் இருக்கிறார், என்ர மச்சாளுக்கு அவரிட்டப் போய்த்தான் சரிவந்தது.” இவ்வளவும் கேட்கிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: இப்போது செய்கிற வைத்தியத்தை எத்தனை தரம் செய்து பார்ப்பதாக இருக்கிறீர்கள்? சரிவராவிட்டால் அடுத்தது என்ன?

அந்தக் கேள்வி வரும் இடத்தில் எங்களிடம் எப்போதும் ஒரு வசனம் தயாராக இருக்கிறது. “இன்னும் ஒருக்கா பாப்பம்.” கேட்க நல்ல நம்பிக்கையான வார்த்தை. பல பெண்களுடைய வருடங்களைச் சத்தமில்லாமல் தின்றதும் அதே வார்த்தைதான்.

பிள்ளைப்பேறு வைத்தியம் ஒன்றைத் தொடங்கும் நாளிலேயே அதை எப்போது விட்டு அடுத்ததற்குப் போவது என்பதையும் பேசி முடித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஒரு எண்ணிக்கை வேண்டும், ஒரு திகதி வேண்டும். அவை இல்லாத வீட்டில் முடிவை எடுப்பது மாமியின் முகமும் சாத்திரியாரின் பலனும் அந்த மாதம் கையில் இருக்கிற காசும்தான்.

“உனக்கு இருபத்திரண்டு வயசு, கம்பஸே முடிக்கேல்ல, உனக்கேன் இந்தக் கதை?” என்று கேட்கலாம். சொல்கிறேன். இந்த வைத்தியத்தில் எழுதப்படுகிற எல்லாமே ஆங்கிலத்தில். கொழும்பில் டொக்டர் கதைப்பது அநேகமாகச் சிங்களம் அல்லது ஆங்கிலம். சனல் பண்ணி, நாற்பதாம் நம்பர் வரும்வரை இரவு ஒன்பது மணிக்கும் காத்திருந்து உள்ளே போனால் கிடைப்பது ஐந்து நிமிடம். வெளியே வந்ததும் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவது எங்களைப் போன்றவர்களுக்கு. “நீ இங்கிலீஸ் வாசிப்பாய்தானே, இதில என்ன கிடக்கு எண்டு சொல்லு.” நான் கலைப்பீடத்தில் படிப்பது சமூகவியல். என் போனில் இருப்பதோ ஹோர்மோன் ரிப்போர்ட்டுகள்.

அனுப்பியவர் என் பெரியம்மாவின் மகள். 2009 இல் அவருக்கு இருபது வயது, முகாமில் இருந்தார். வெளியே வந்த பிறகு தம்பிமாரின் படிப்பு, வீடு கட்டுவது, சீதனத்துக்குக் காசு சேர்ப்பது என்று பத்து வருடம் போனது. கலியாணம் நடந்தபோது முப்பத்தொன்று. அவருடைய வயதில் இப்படி எத்தனை பேர் எங்கட பக்கத்தில் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போரும் கடனும் எடுத்துக்கொண்ட வருடங்களுக்குப் பிறகு வைத்தியத்துக்கு மிச்சமிருப்பது கொஞ்சக் காலம்தான்.

அந்தக் கொஞ்சக் காலம் எப்படிப் போனது? முதல் வருடம் கோயில். இரண்டாம் வருடம் குளிசை, பதினொரு மாதம். முட்டை வெளிவருகிறதா என்று ஸ்கேன் செய்து பார்த்தது இரண்டே தரம். அத்தானின் விந்துப் பரிசோதனை நடந்தது மூன்றாம் வருடம். பிறகு ஐ.யு.ஐ., அதாவது கழுவிச் சுத்தம் செய்த விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் முறை, ஆறு தரம். ஆறாவதும் சரிவராதபோது டொக்டர் ஐ.வி.எப். பற்றிச் சொன்னார். வீட்டில் கூடிக் கதைத்தார்கள். மாமி இருந்தார், மாமா இருந்தார், கனடாவிலிருந்து அத்தானின் மூத்த அண்ணன் வீடியோ கோலில் இருந்தார். முடிவு: “இன்னும் ஒருக்கா ஐ.யு.ஐ. செய்து பாப்பம்.” அக்கா அந்த நேரம் குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எவருடைய கையிலும் ஒரு கணக்கு இருக்கவில்லை. கணக்கு இருக்கிறது, வாசித்தால் விளங்கவும் கூடியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரைவிலக்கணப்படி, கருத்தடை எதுவும் இல்லாமல் 12 மாதங்கள் ஒழுங்காகச் சேர்ந்திருந்தும் கருத்தரிக்காவிட்டால் அது கருத்தரியாமை. பெண்ணுக்கு 35 வயது தாண்டிவிட்டால் 6 மாதத்திலேயே பரிசோதனைக்குப் போவது நல்லது என்பதுதான் மருத்துவ ஆலோசனை. உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்த நிலையைச் சந்திக்கிறார் என்று அதே நிறுவனத்தின் 2023 அறிக்கை சொல்கிறது. ஆக, ‘எங்களுக்கு மட்டும் ஏன்’ என்று தலைகுனிய ஒன்றுமில்லை.

எந்த வைத்தியத்துக்கும் முதல் மூன்று விஷயம் தெரிய வேண்டும். முட்டை வெளிவருகிறதா, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா, விந்து எப்படி இருக்கிறது. ஏறத்தாழப் பாதித் தம்பதியரில் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. மூன்று சோதனைகளிலும் நோவே இல்லாதது விந்துப் பரிசோதனை. எங்கட வீடுகளில் கடைசியாக நடப்பதும் அதுதான். “அவனுக்கென்ன, அவன் ஆம்பிளை.” இந்த ஒரு வசனத்தால் ஒரு பெண் வருடக்கணக்கில் தேவையில்லாத குளிசை விழுங்கலாம்.

இந்த மூன்றும் தெரிந்தால்தான் எந்தப் படியில் தொடங்குவது என்று தெரியும். இரண்டு கருக்குழாய்களும் அடைபட்டிருந்தால் ஐ.யு.ஐ. பத்துத் தரம் செய்தாலும் பயனில்லை, முட்டையும் விந்தும் சந்திக்கப் பாதையே இல்லை. விந்தணு மிகக் குறைவாக இருந்தால், ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துகிற ஐ.சி.எஸ்.ஐ. முறைக்குப் போக வேண்டி வரலாம். முட்டை ஒழுங்காக வெளிவராதது மட்டும்தான் பிரச்சினை என்றால் குளிசையே போதுமாக இருக்கலாம்.

குளிசையிலும் எல்லை உண்டு. குளோமிபீனை 6 மாதத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்பது பிரித்தானியாவின் அரச மருத்துவ வழிகாட்டி. குளிசையை மாற்றுவதும் ஒரு மாற்றம்தான். பி.சி.ஓ.எஸ். இருக்கிற 750 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், ஐந்து சுற்று வரை மருந்து எடுத்தவர்களில் லெட்ரோசோல் எடுத்த பக்கம் பிள்ளை பெற்றவர்கள் 27.5 சதவீதம், குளோமிபீன் எடுத்த பக்கம் 19.1 சதவீதம். ஆகவே பதினொரு மாதம் ஒரே குளிசை என்றால், ‘ஏன்’ என்று கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

அடுத்தது ஐ.யு.ஐ. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸில் 503 தம்பதியரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2010 இல் வெளியானது. பெண்கள் 40 வயதுக்கு உட்பட்டவர்கள், பிள்ளை தங்காததற்குத் தெளிவான காரணம் பிடிபடாதவர்கள். ஒரு பகுதியினருக்கு முதலில் குளோமிபீனோடு மூன்று ஐ.யு.ஐ., பிறகு ஹோர்மோன் ஊசியோடு மூன்று ஐ.யு.ஐ., அதன்பின் ஐ.வி.எப். என்று திட்டம். மற்றவர்களுக்கு நடுவில் இருந்த ஊசிப் படியை விட்டுவிட்டு, முதல் மூன்றுக்குப் பிறகு நேரே ஐ.வி.எப். நடுப்படியை விட்டவர்கள் கருத்தரிக்க எடுத்த இடைநிலைக் காலம் 8 மாதம், மற்றவர்களுக்கு 11 மாதம். ஒரு சுற்றுக்குக் கருத்தரித்த வீதம் குளோமிபீனோடு ஐ.யு.ஐ. 7.6, ஊசியோடு ஐ.யு.ஐ. 9.8, ஐ.வி.எப். 30.7 சதவீதம். பிறந்த ஒரு பிள்ளைக்கான செலவும் நடுப்படியை விட்டவர்களுக்கே குறைந்தது. 38 முதல் 42 வயதுப் பெண்களிடம் நடந்து 2014 இல் வெளியான இன்னொரு ஆய்வில், நேரே ஐ.வி.எப். தொடங்கியவர்கள் குறைந்த சுற்றுகளிலேயே கூடுதலாகக் கருத்தரித்தார்கள்.

இதை அப்படியே தூக்கி யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வைக்க முடியாது. மசச்சூசெட்ஸில் காப்புறுதி ஐ.வி.எப். செலவைக் கொடுக்கும். இங்கே அது நகை அடைவு, சீட்டுக்காசு, வெளிநாட்டு அண்ணனின் தயவு. “காசு இல்லாமல்தானே இன்னும் ஒருக்கா ஐ.யு.ஐ. செய்யினம்” என்று சொன்னால், ஓம், நியாயம். ஆனால் காசு குறைவாக இருக்கிறவர்களுக்குத்தான் எண்ணிக்கை அதிகம் தேவை. ஏழு ஐ.யு.ஐ., ஏழு தரம் கொழும்புக்குப் பஸ், லொட்ஜ், ஸ்கேன், ஊசி, வேலைக்கு லீவு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஐ.வி.எப். ஒன்றுக்கு வைக்கக்கூடிய காசில் எவ்வளவு கரைந்தது என்று தெரியும். கூட்டிப் பார்க்காததால்தான் அது சின்னக் காசாகத் தெரிந்தது.

அதற்காக எல்லாரும் உடனே ஐ.வி.எப். செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. 27 வயது, சோதனைகள் எல்லாம் சரி, ஒரு வருடம்தான் முயன்றிருக்கிறார்கள் என்றால் கதை வேறு. காரணம் பிடிபடாதவர்கள் மொத்தம் இரண்டு வருடம் இயல்பாக முயன்று பார்த்த பிறகு ஐ.வி.எப். பற்றி யோசிக்கலாம் என்பதுதான் பிரித்தானிய வழிகாட்டி. பயத்தைக் காட்டி அவசரப்படுத்துகிறவர்களும் இருப்பார்கள், கூடுதலாக ஏதாவது ஒன்றைச் சேர்த்து விற்கிறவர்களும் இருப்பார்கள். ஐ.வி.எப். செய்யுமுன் கருப்பையின் உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாகப் பதியும் என்று பல நாடுகளில் செய்துவந்தார்கள். 1,364 பெண்களை வைத்து 2019 இல் வெளியான ஆய்வில், சுரண்டியவர்களில் பிள்ளை பிறந்தது 26.1 சதவீதம், சுரண்டாதவர்களிலும் 26.1 சதவீதம்.

‘இன்னும் ஒருக்கா’ என்ற வசனம் சரியாகப் பொருந்துகிற இடமும் உண்டு. முதல் ஐ.வி.எப். தோற்றதும் “எங்களுக்கு விதியில்லை” என்று விடுகிறவர்கள் பலர். பிரித்தானியாவில் 156,947 பெண்களின் தரவுகளைப் பார்த்து 2015 இல் வெளியான ஆய்வில், முதல் சுற்றில் பிள்ளை பிறந்த வீதம் 29.5 சதவீதம். நான்காவது சுற்று வரை அது 20 சதவீதத்துக்கு மேலேயே இருந்தது. ஆனால் 40 முதல் 42 வயதுக்காரருக்கு முதல் சுற்றிலேயே 12.3 சதவீதம். 42 தாண்டியவர்களுக்கு எந்தச் சுற்றிலும் 4 சதவீதத்தை எட்டவில்லை. அதே வசனம் 33 வயதில் நியாயமான நம்பிக்கை, 43 வயதில் கடன். வித்தியாசத்தைச் சொல்வது வயதும் ரிப்போர்ட்டும்.

விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். பிடிப்பது அவரவர் விருப்பம், எங்கள் வீட்டிலும் பிடிக்கிறோம். ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்ற பழமொழியோடு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் “அடுத்த கந்தசஷ்டி முடியட்டும், பிறகு யோசிப்பம்” என்று கிளினிக்கின் திகதியைத் தள்ளிப்போட்டால், 37 வயதுப் பெண்ணுக்கு அந்த ஒரு வருடம் சின்ன விஷயமில்லை. விரதத்தையும் வைத்தியத்தையும் ஒன்றாகவே கொண்டுபோகலாம். முருகன் கோபிக்கமாட்டார்.

கடைசிப் படி பற்றி யாரும் கதைப்பதே இல்லை. நிறுத்துவது. வேறொரு பெண்ணின் முட்டையைப் பெற்றுச் செய்வதா, பிள்ளையைத் தத்தெடுப்பதா, இரண்டு பேராகவே வாழ்வதா? தத்தெடுப்புக்கு இந்த நாட்டில் 1941 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் எங்கட ஊரில் அந்தச் சொல்லை எடுத்தாலே “இன்னும் வயசிருக்கு, ஏன் இப்பவே கைவிடுறியள்” என்பார்கள். ஊசி போடுவது அவர்களுக்கு இல்லையே. மாதாமாதம் எதிர்பார்த்து மாதாமாதம் உடைவது அவர்கள் இல்லையே. இதற்கு மேல் வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால், அதுவும் ஒரு வைத்திய முடிவு. அதை மற்ற முடிவுகளைப் போலவே மதிக்க வேண்டும்.

என் அக்கா ஏழாவது ஐ.யு.ஐ.யும் சரிவராத பிறகு, வீட்டுக் கூட்டம் இல்லாமல், அத்தானோடு மட்டும் இருந்து கதைத்தார். இரண்டு ஐ.வி.எப்., அதற்குமேல் இல்லை என்று இருவரும் எழுதி வைத்திருக்கிறார்கள். பலன் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் “இப்பதான் மூச்சு விடக்கூடியதாய் இருக்கு” என்று அவர் சொன்னார். எல்லை போட்டதால் நம்பிக்கை குறையவில்லை. அடுத்த மாதம் என்ன என்ற பயம்தான் குறைந்தது.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒரு நாள் யாராவது ரிப்போர்ட் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் உங்களுடைய ரிப்போர்ட்டே கையில் இருக்கும். அப்போது ஒரு கொப்பித் தாளில் இவற்றை எழுதி டொக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். மூன்று சோதனைகளும் முடிந்தனவா? இந்த வைத்தியத்தை எங்களுக்கு ஏன் தெரிவு செய்தீர்கள்? என் வயதுக்கு ஒரு சுற்றில் இது சரிவரக்கூடிய அளவு என்ன? எத்தனை தரத்துக்குப் பிறகு மாற்ற வேண்டும்? மாற்றினால் எதற்கு, எவ்வளவு காசு? ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து கேள்வி கேட்கலாம். பதிலை அதே தாளில் எழுதுங்கள், கீழே திகதியையும் போடுங்கள். பிறகு வீட்டில் யாராவது “இன்னும் ஒருக்கா பாப்பம்” என்றால் அந்தத் தாளை எடுத்து அக்காவின் கையில் கொடுங்கள். தேத்தண்ணியை நீங்கள் போடுங்கள்.